ஜப்பான் கோயிலுக்கு வைத்த நேர்த்தி

1

போன சனிக்கிழமை ஒஸ்லோவின் குறொன்லாண்டுக்கு மரக்கறி வாங்கப் போனேன். நாங்கள் வழக்கமாகப் போகும் கடைக்கார அண்ணை என்னைக் கண்டதும் தேங்காய்ப் பெட்டியைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

"தம்பிக்கு இனித் தேங்காய் இல்லை."

"ஏன் அண்ணை?"

"உனக்குத் தந்தால் நீ கொண்டுபோய் ஜப்பான்காரனுக்குக் குடுத்திட்டு வருவாய். என்ரை தேங்காய் என்ன வெளிநாட்டு உதவியோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒருவர், "என்ன சார், என்ன மேட்டர்?" என்று ஆவலோடு கேட்டார். அண்ணை கதையைத் தொடங்கிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல அந்தக் கதையில் தேங்காய்கள் கூடிக்கொண்டே போகின்றன. நான் கொண்டுபோனது ஒன்றே ஒன்று. அவருடைய கதையில் அது இப்போது ஒரு சாக்கு.

ஊரிலிருந்தும் கேட்கிறார்கள். "ஜப்பானிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று. அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை. ஒரு கார்ட்டூன் தொடரில் வந்த ஊர் மட்டும் இருந்தது. அதைப் பார்க்கத்தான் நானும் என் மனைவி தர்சிகாவும் போனோம். சாக்கு மூட்டை இரண்டாவதற்கு முன் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பா இலங்கையின் வடக்கே தீவுப்பகுதியில் கூலிவேலை செய்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். நோர்வேயின் வடக்கு முனையில் பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் குளிரில் நின்று உழைத்து, பிறகு எங்களையும் நோர்வேக்கு எடுப்பித்தார். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் ஒரு பரீட்சை எழுதிச் சித்தியடைந்த முதல் ஆள் நான். இப்போது ஒஸ்லோவில் லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். ஹவுகன்ஸ்டுவாவின் அடுக்குமாடிகளில் ஒன்றில் ஆறாம் மாடி எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் பக்கத்துக் கட்டடம்.

தர்சிகாவுக்கு ஊர் இலங்கையில் கோண்டாவில். உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. கலியாணப் பேச்சுக்கால் ஒப்பேறி, ஊருக்குப் போய்ப் பதிவும் எழுதி, தாலியும் கட்டி, மூன்று கிழமையில் நான் திரும்பிவிட்டேன். பிறகு விசாவுக்குக் காத்திருந்தோம். ஒரு வருடத்துக்கு மேல்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எல்லாரும் முறையிடுவார்கள். நானும் முறையிட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் திரும்ப ஒருமுறை வாழத் தரலாம் என்று யாராவது சொன்னால் நான் கேட்கப்போவது அந்த வருடத்தைத்தான்.

தன் மாணவிகள் பார்க்கிறார்கள் என்று அந்தத் தொடரை அவள்தான் தொடங்கினாள். பெருநகரத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையைக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மாமி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவள் சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறாள். ஒற்றைப் பெட்டி ரயில் போகும்வரை கடவையில் காத்து நிற்கிறாள். கவலை வந்தால் மலைக்கோயில் படியில் ஏறுகிறாள். இவ்வளவுதான் கதை. அவளுடைய ஜப்பானியப் பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை. தர்சிகா அவளுக்குச் "சைக்கிள்காரி" என்று பெயர் வைத்தாள்.

நான் வேலை முடிந்து ரயில் ஏறும் நேரம், அங்கே அவள் இரவுச் சாப்பாடு முடித்துக் கட்டிலில் வந்து இருப்பாள். தொலைபேசி இணைப்பை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் தொடரைத் திறப்போம்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு. அமத்துங்கோ!"

அப்படி ஒன்றாக அழுத்தியும் ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. அவளுக்கு ஒரு கணம் முந்தி ஓடும். சைக்கிள்காரி விழுமுன்பே எனக்கு அவளுடைய "ஐயோ" கேட்கும். கோண்டாவிலில் மின்சாரம் போனால் நான் பார்த்துக் கதை சொல்லவேண்டும். "பொய். அவள் அப்பிடிக் கதைச்சிருக்கமாட்டாள். நீங்கள் கூட்டிச் சொல்லுறியள்" என்பாள். அவளுடைய பக்கத்திலிருந்து தகரத்தில் மழை விழுகிற சத்தம் வரும். அவளுடைய அம்மா, என் மாமி, "பிள்ளை, படலை பூட்டியாச்சோ?" என்று கேட்கிற குரல் வரும். நான் அல்னா பள்ளத்தாக்கின் பனிக்குள் ரயிலில் இருந்துகொண்டு அந்தப் படலையைப் பற்றிக் கவலைப்படுவேன்.

சைக்கிள்காரி மழையில் நனைந்து கோயில் படியில் ஓடுகிற அத்தியாயத்தைப் பார்த்த கிழமைதான் குடிவரவு அலுவலகம் இன்னும் ஆவணம் கேட்டிருந்தது. கொழும்பில் நேர்முகத்தில் "நீங்கள் இருவரும் சேர்ந்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். கார்ட்டூன் பார்ப்போம் என்று. அதனால்தான் இழுபடுகிறதோ என்று எனக்குப் பயம்.

அன்றைக்குத் தர்சிகா சொன்னாள்: "விசா வந்தால் அந்தக் கோயிலிலை நான் சிதறு தேங்காய் அடிக்கிறன்."

"எந்தக் கோயில்?"

"உந்தச் சைக்கிள்காரியின்ரை கோயில்தான்."

"ஊரிலை இவ்வளவு கோயில் இருக்கேக்கையோ? பிள்ளையார் கோவிக்கப் போறார்."

"அவரிட்டை எல்லாரும் கேட்டுக் கேட்டு வரிசை நீளம். இவரிட்டைத் தமிழர் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். கெதியாச் செய்வார்."

அடுத்த மாதம் விசா வந்துவிட்டது.

3

ஒஸ்லோவில் ஒரே சோபாவில், ஒரு போர்வைக்குள் இருந்து நாங்கள் அந்தத் தொடரை முதலிலிருந்து பார்த்தோம். மின்சாரம் போகவில்லை. படம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. எனவே ஒருவருக்கொருவர் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நாலாம் அத்தியாயத்தில் அவள் நித்திரையாகிவிட்டாள்.

பகலில் நோர்வேஜிய வகுப்பு. மொழி பழகட்டும் என்று கிழமையில் மூன்று நாள் ஒரு பாலர் பள்ளியில் விட்டிருந்தார்கள். வகையீடும் தொகையீடும் படிப்பித்தவள், அங்கே பிள்ளைகளுக்குப் பனிக்குள் போடுகிற முழு உடுப்பை மாட்டிச் சிப் இழுத்துவிடுவாள். நாலு வயதுக் குழந்தைகள் அவளுடைய உச்சரிப்பைத் திருத்துவார்கள். இங்கே பிள்ளைகள் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்று நான் விளங்கப்படுத்தினேன்.

"எனக்கு விளங்குது. ஆனால் 'மிஸ்' எண்டு ஒரு சத்தம் கேட்டால் இப்பவும் திரும்பிப் பாக்கிறன். இஞ்சை ஒருத்தரும் கூப்பிடுறதில்லை, அதுவும் தெரியும், எண்டாலும் திரும்புறன்" என்றாள்.

அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். போனில் மூச்சுவிடாமல் கதைத்த பெண் எங்கே போனாள் என்று நான் தேடினேன்.

ஊரில் ஆசிரியை வேலையை அவள் விட்டுவிட்டு வரவில்லை. சம்பளமில்லா லீவில் வந்திருந்தாள். அந்த லீவு வசந்தத்தோடு முடிகிறது. அதற்குள் போய்ப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், அல்லது வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதவேண்டும். நாள் கிட்டக் கிட்ட நாங்கள் அதைப்பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டோம். விட்டுவிடுவாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அப்போதுதான் கோண்டாவிலிலிருந்து மாமி காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"நேர்த்தியை விளையாட்டுக்கு வைக்கிறதில்லைப் பிள்ளை. வைச்சனி, அவர் செய்து தந்திட்டார். நீ செய்யேல்லை. அதுதான் உனக்கு அங்கை மனம் ஒட்டுதில்லை."

"அம்மா, அது கார்ட்டூன்" என்றாள் தர்சிகா.

"கோயில் கோயில்தானே?"

தர்சிகா என்னைப் பார்த்தாள். நான் போனிலேயே தேடினேன். அந்தக் கோயில் உண்மையாகவே இருந்தது. அந்தத் தொடரின் ரசிகர்கள் உலகமெல்லாம் இருந்து அங்கே போய், படத்தில் வந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று படமெடுக்கிறார்கள். ஜப்பானில் அதை யாத்திரை என்றே சொல்வார்களாம்.

நேர்த்தி தீர்ந்தால் அவள் மனம் ஒஸ்லோவில் ஒட்டிவிடும். படித்தவன்தான் நான், என்றாலும் அப்படி நம்பினேன். ஈஸ்டர் விடுமுறைக்குப் பயணச்சீட்டுப் போட்டேன்.

4

என் நோர்வேக் கடவுச்சீட்டுக்கு ஜப்பான் விசா தேவையில்லை. அவளுடைய இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தேவை. எந்த நாள் எங்கே போவீர்கள் என்று தூதரகத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். நான் நேர்மையாக எழுதினேன்: முதல் நாள், ரயில் கடவை பார்த்தல். இரண்டாம் நாள், மீண்டும் ரயில் கடவை பார்த்தல். கவுண்டரில் இருந்த பெண் வாசித்துவிட்டுத் தொடரின் பெயரைத் தானே சொன்னார். தன் மகளும் பார்க்கிறாளாம்.

தேங்காய் விசயம்தான் பிழையாகிப் போனது. குறொன்லாண்டில் நாலு தேங்காயைத் தட்டிப் பார்த்து, குடுமியோடு ஒன்றைத் தெரிந்து, துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். ஜப்பான் விமான நிலையத்தில் ஒரு சின்ன நாய் எங்கள் பெட்டியை மணந்துவிட்டுப் பக்கத்தில் பணிவாகக் குந்திக்கொண்டது. தர்சிகா, "சீ, நல்ல நாயெல்லே" என்று குனிய, அதிகாரி வந்துவிட்டார். காய்கறி, பழம் எல்லாவற்றுக்கும் விளைந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டுமாம். இது எந்த நாட்டுத் தேங்காய் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அவர் தேங்காயை இரண்டு கையாலும் வாங்கி, எங்களுக்குத் தலைகுனிந்தார்.

"பாத்தியளே, பிரசாதம் வாங்குற மாதிரி வாங்குறார்" என்றாள் தர்சிகா. ஒஸ்லோவில் ஒரு வருடமாகக் கேட்காத குரல் அது.

வழியில் இரண்டு சந்தைகளில் தேடினோம். தேங்காய்ப்பால் அடைத்த தகரப் பேணிதான் கிடைத்தது.

"இதை அடிச்சால் சிதறுமோ?"

"சிதறும். பிறகு எங்களைப் பிடிச்சு உள்ளை போடுவினம்."

ரயில் மாறி மாறிக் கடலோரத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். நிலையத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இடது பக்கம் திரும்பினோம். வரைபடம் பார்க்கவில்லை. சைக்கிள் கடை எங்கே, மூலையில் குடிபான இயந்திரம் எங்கே, எந்த மதிலில் ஏறினால் கடல் தெரியும், எல்லாம் தெரிந்திருந்தது. பிறந்த தீவுக்கு நான் போனபோது வழிகேட்டுக் கேட்டுத்தான் போனேன். முன்பின் வராத இந்த ஊரில் எனக்கு வழி தெரிகிறது.

கடவையில் மணி அடித்தது. ஒற்றைப் பெட்டி ரயில் வந்தது. மற்ற ரசிகர்கள் போனில் கார்ட்டூன் படத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, கம்பமும் தந்திக்கம்பியும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து அடி எடுத்து வைத்தார்கள். தர்சிகா பார்க்கவில்லை. கதைத்துக்கொண்டே நின்றாள்.

"இந்த இடத்திலை நிக்கேக்கைதானே கரண்ட் போனது? நீங்கள் சொன்னியள், அவள் அழுதவள் எண்டு. அவள் அழவே இல்லை. நான் பிறகு பாத்தனான். நீங்கள்தான் அழுதிருக்கிறியள்."

"எனக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருந்தது."

"ஓமோம், தடிமன்."

கோயில் படி எங்கே என்று சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. அது இந்த ஊரில் இல்லை. ரயிலில் இரண்டு மணித்தியாலம். தொடரில் சைக்கிள்காரி கடவையிலிருந்து ஒரே ஓட்டத்தில் படிக்குப் போய்விடுவாள்.

"படம் கீறினவை ரெண்டு ஊரை ஒண்டாக்கிப் போட்டினம்" என்று தர்சிகா சிரித்தாள். கோபிக்கவில்லை. என்னைத்தான் அது கொஞ்சம் வருத்தியது. ஒன்றென்று நினைத்துப் பழகிவிட்டேன்.

5

மறுநாள் காலை அந்தப் படிகளில் ஏறினோம். படத்தில் இருந்ததைவிடச் செங்குத்து. உச்சியில் சின்ன மரக்கோயில். கழுத்தில் துவாயோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

மொழிபெயர்க்கிற செயலியில் நான் நோர்வேஜியத்தில் சொன்னேன்: என் மனைவி தூரத்து நாட்டில் இருந்து இந்தக் கடவுளிடம் விசா கேட்டாள், கிடைத்தது, தேங்காய் உடைப்பதாகச் சொல்லியிருந்தாள், தேங்காயை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள், இப்போது என்ன செய்யவேண்டும்?

அவர் அதை இரண்டு முறை கேட்டார். சிரிக்கவில்லை. போனுக்கு நெருங்கி நிதானமாகப் பதில் சொன்னார். இயந்திரக் குரல் எனக்கு அதை நோர்வேஜியத்தில் தந்தது. நன்றி சொல்ல வந்ததே போதும், உடைக்கத் தேவையில்லை. ஆனால் முதலில் பெயரையும் வசிக்கிற இடத்தையும் கடவுளுக்குச் சொல்லவேண்டும். எவ்வளவோ பேர் வந்து போகிறார்கள், சொல்லாவிட்டால் யாருக்குச் செய்தோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் தர்சிகாவுக்குச் சொன்னேன்.

"நட்சத்திரம் வேண்டாமாமோ?"

"விலாசம்தானாம்."

"தபால் போடப் போறாரோ?"

அந்தப் பெண் செய்து காட்டியபடி இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, தர்சிகா கைகூப்பி நின்றாள். நான் ஒரு படி கீழே நின்றேன். அவள் சொல்லத் தொடங்கினாள். நோர்வேஜியத்தில்.

முழுப்பெயர். தெருவின் பெயர். வாசல் எண். ஆறாம் மாடி. தபால் எண். ஒஸ்லோ. அதோடு நிற்காமல், நோர்வேயில் எல்லாக் கவுண்டரிலும் கேட்கிற பதினொரு இலக்க ஆள் எண்ணையும் சொல்லத் தொடங்கி, பாதியில் தானே நிறுத்தினாள்.

முதலில் எனக்குச் சந்தோசம் பொங்கியது. ஒரு வருடமாக நான் எதிர்பார்த்தது அதுதான். தன் வீடு ஹவுகன்ஸ்டுவா என்று ஒரு சாமிக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

பிறகுதான் அந்தக் குரல் என் காதில் விழுந்தது. எனக்கு அதைத் தெரியும். வைத்தியர் வீட்டு வரவேற்பில், வங்கியில், வகுப்புப் பதிவில் அவள் பேசுகிற குரல். இடையில் மூச்செடுத்தால் எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார் என்ற பயத்தோடு, முதுகை நிமிர்த்தி, பாடமாக்கியதை ஒப்புவிக்கிற குரல்.

அவள் இறங்கி வந்ததும் கேட்டேன்: "என்ன, சாமிக்கு ஆள் நம்பரும் வேணுமோ?"

"கேட்டால்?" என்று சிரித்தாள்.

"ஊரிலை வைரவர் சாமியிட்டையும் இப்பிடியோ விலாசம் சொல்லுறனீர்?"

"அவருக்கு ஏன் சொல்லுவான்? அவருக்குத் தெரியும்தானே நான் ஆரெண்டு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டிருக்கவேண்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப இவருக்கும் அந்த ஊர் விலாசத்தைச் சொல்லும்" என்றேன்.

"சொன்னால் நீங்கள் என்ன செய்வியள்?"

ஒரு வருடமாக எங்களுக்கு நடுவில், அந்தச் சோபாவில், மூன்றாம் ஆளாக இருந்த கேள்வி அது.

"தெரியேல்லை. ஆனால் நீர் சொல்லும்."

அவள் திரும்ப ஏறினாள். இம்முறை தமிழில். கரண்ட் போன நாட்களில் கேட்ட அதே வேகத்தில்.

"சாமி, நான் தர்சிகா. கோண்டாவில். சந்தியிலை இறங்கி வைரவர் கோயிலடியாலை உள்ளுக்கை வாங்கோ. சங்கக்கடைக்கு முன்னாலை ஒரு ஒழுங்கை போகும், அதிலை மூண்டாவது வீடு. பச்சைக் கேற். நாய் குலைக்கும், ஆனால் கடிக்காது. அம்மா நிப்பா. வாறதெண்டால் பின்னேரமா வாங்கோ. காலமையிலை நான் நிக்கமாட்டன். பள்ளிக்கூடத்திலை நிப்பன்."

துடைப்பத்தோடு நின்ற பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. என்றாலும் தலையாட்டினார்.

படியால் இறங்கும்போது தர்சிகா கேட்டாள்: "கேட்டதோ?"

"கேட்டது."

"கோவமோ?"

"நாய் கடிக்காதெண்டு சாமிக்குப் பொய் சொல்லியிருக்கிறீர். என்னை அண்டைக்குக் கடிக்க வந்தது."

அவள் சிரித்தாள். பிறகு படியில் குந்தியிருந்து அழுதாள். பின்னால் படமெடுக்கக் காத்திருந்த இரண்டு பிள்ளைகள் போனைக் கீழே இறக்கிவிட்டு, எங்களுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள்.

6

லீவு முடிய முன்பே தர்சிகா ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைத்துவிட்டாள். நீண்டநாள் வெளியே இருந்தால் அவளுடைய வதிவிட அனுமதி போய்விடும் என்கிறார்கள். போனால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. இங்கே இருக்கிற சொந்தக்காரர் என்னோடு வருத்தமாகக் கதைக்கிறார்கள். "எல்லாரும் இஞ்சை வர அந்தரப்படுகினம், நீ வந்தவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய்."

வேலையில் ஒரு வருடம் சம்பளமில்லா லீவு கேட்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை சரி என்றார்கள். மறுநாள் கடைக்கார அண்ணையின் பகிடியையும் மரக்கறியையும் வாங்கிக்கொண்டு நேரே அப்பா வீட்டுக்குத்தான் போனேன். அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. எங்களை இங்கே கொண்டுவருவதற்காகப் பாட்ஸ்பியோர்டில் விரல் மரத்துப்போக நின்ற மனிதரிடம், நான் திரும்பிப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அம்மா குசினியில் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். அப்பா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அங்கை போய் என்ன செய்யப்போறாய்?"

"காலமை அவவைப் பள்ளிக்கூடத்திலை இறக்குவன். பின்னேரம் போய் ஏத்திக்கொண்டு வருவன்."

"இடையிலை?"

"சமைப்பன். ஏதும் வேலை தேடுவன்."

"உன்ரை சமையலைத் திண்டால் அந்தப் பிள்ளை ஆறு மாசத்திலை தானாத் திரும்பி ஒஸ்லோவுக்கு ஓடி வந்திடும்" என்றார் அப்பா. குசினிக்குள் அம்மா சிரித்தது கேட்டது.

பிறகு அவர் கோப்பையை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"நான் ஒருநாளும் பள்ளிக்கூட வாசல் மிதிக்கேல்லை. நீ இனி ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் போகப்போறாய்."

நல்லது என்று சொல்கிறாரா, நொந்து சொல்கிறாரா என்று எனக்கு அந்தக் கணம் விளங்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். அவர் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

"மோட்டச்சைக்கிள் ஓடத் தெரியுமோடா உனக்கு?"

தெரியாது என்றேன்.

"பழகு" என்றார்.